மாதிரிக் கையொப்பம்

சென்ற மாதம் நானும் என் மனைவியும் ஆரணியில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய், கழுத்தில் மாலையோடு புகைப்படம் எடுத்துக்கொண்டோம். எங்களுக்குக் கல்யாணம் ஆனது 2016இல். அன்று படம் எடுக்க யாரையும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. என் வீட்டார் வரவில்லை. அவள் வீட்டார் நான்கு பேர், இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டுமென்ற அவசரத்தோடு வந்திருந்தார்கள். இப்போது அவளுடைய குடியுரிமைக்காகக் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். மனு எழுதிக்கொடுப்பவர், "கல்யாணப் போட்டோ ஒண்ணு வேணும் சார், விசாரணைக்கு வர்றவங்க மொதல்ல அதைத்தான் கேப்பாங்க" என்றார். இல்லை என்றேன். "மாலை வாங்கிப் போட்டு எடுத்துடுங்க. நடக்காத கல்யாணத்தையா எடுக்கறீங்க?" என்றார்.

இந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. மாலை வாங்கப் போய்விட்டேன்.

அவள் பிறந்தது 1991இல், இந்த மாவட்டத்து அகதி முகாம் ஒன்றில். (அகதி முகாம் என்ற பெயர் 2021இல் மறுவாழ்வு முகாம் என்று மாறிவிட்டது.) பெற்றோர் 1990இல் தலைமன்னாரிலிருந்து படகேறி வந்தவர்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே அவள் இந்தியர். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது இந்தத் தேதியை வைத்துத்தான். நாலு வருஷம் பிந்திப் பிறந்ததால் என் மனைவி அந்நியர். இந்தியரை மணந்து, ஏழாண்டு இங்கே வசித்தும் இருப்பவர் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவின் கீழ் பதிவு கோரலாம். ஆனால் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக் கூடாது. சட்டவிரோதக் குடியேறி யாரென்றால், முறையான பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த அந்நியர். அவள் எங்கே நுழைந்தாள்? இங்கேயே பிறந்தாள். பெற்றோர் நுழைந்தது வாரிசுக் கடன்போல அவள் தலையில் இறங்கியிருக்கிறது. மனுவோடு வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டின் நகலும் வேண்டும். அவளிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கிடையாது. ஆக, இந்தியர் ஆவதற்கு முன்னால் அவள், தான் பார்த்தேயிராத இலங்கையின் பிரஜையாகச் சென்னைத் துணைத் தூதரகத்தில் பதிந்துகொண்டாக வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னது. அதில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனையிலிருந்து 2025இல் விலக்களித்தார்கள். உன்னைத் தண்டிக்கமாட்டோம் என்பது ஒன்று, நீ இங்கத்தியவள் என்பது வேறொன்று.

இதையெல்லாம் அங்கலாய்ப்பதற்காக எழுதவில்லை. என் சங்கடம் வேறு. முகாமில் தணிக்கை நாளன்று நேரில் நிற்காவிட்டால் பெயர் பதிவேட்டிலிருந்து போய்விடக்கூடும். அந்தப் பதிவேடுதான் அவள் பிறந்தாள், இருக்கிறாள் என்பதற்கு எங்களிடமுள்ள முதல் ஆதாரம். எனவே தணிக்கைக்கு முதல் நாள் பஸ் ஏறிப் போய், மறுநாள் காலை வரிசையில் நின்று, முகாமில் வசிப்பவளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் திரும்பிவிடுவாள். அதே வாரம் நான் அவள் என்னோடு ஆரணியில் குடித்தனம் நடத்துகிறாள் என்பதற்கு ஆதாரம் தேடிக்கொண்டிருப்பேன். ஒரு கோப்பில் அவள் அங்கே, இன்னொரு கோப்பில் இங்கே. இரண்டில் எது பொய்? அவள் இங்கே இருப்பது நிஜம். அங்கேதான் இருக்கிறாள் என்பது பொய். ஆனால் அந்தப் பொய்யை மாதாமாதம் காப்பாற்றாவிட்டால் இந்த நிஜத்துக்குக் காகிதம் கிடைக்காது.

நான் வங்கியில் குமாஸ்தா. காசோலையிலுள்ள கையெழுத்தை மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டு இது அசல், இது போலி என்று தீர்மானிப்பது என் தினசரி ஜீவனம். இந்தத் தொழிலில் ஒன்று கற்றுக்கொண்டேன். வயதான நெசவாளி ஒருவர் வருவார், தறிக்குழியில் முழு ஆயுளையும் கழித்தவர். கை நடுங்கும், ஒவ்வொரு தடவையும் கையெழுத்து வேறு மாதிரி விழும். எதிரே உட்கார்ந்து போட்டாலும் மாதிரியோடு பொருந்தாது. பொருத்தமே இல்லாத அந்தக் கையெழுத்து அசல். அச்சில் வார்த்ததுபோல அப்படியே பொருந்துவதைக் கண்டால்தான் சந்தேகப்பட வேண்டும். யாரோ பார்த்து எழுதியிருக்கலாம். அரசு என்னிடம் கேட்பது பொருந்துகிற கல்யாணத்தை. ஆனால் கல்யாணத்துக்கு மாதிரிக் கையொப்பம் எந்த லெட்ஜரில் இருக்கிறது? இந்த ஊரில் பட்டு அசலா என்று பார்க்க ஒரு இழையை உருவிக் கொளுத்துவார்கள். மயிர் கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அசல். சேலைக்கு ஓர் இழை போனால் நஷ்டமில்லை. நாங்கள் எத்தனை இழை உருவிவிட்டோம் என்று சில இரவுகளில் யோசிக்கிறேன்.

வேறு நாடுகள் இன்னும் ஆழமாகக் கையை விடுகின்றன. பிரிட்டனில் 1997 வரை ஒரு விதி இருந்தது. நம் பக்கத்திலிருந்து போகும் கணவன், தான் மணந்துகொண்டதன் முதன்மையான நோக்கம் அந்த நாட்டுக்குள் போவதல்ல என்று நிரூபிக்க வேண்டும். தம்பதிகளைத் தனித்தனியே விசாரித்து, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள். நோக்கம் இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது? கனடாவின் விதிகளில் இத்தகைய திருமணத்துக்கு இட்ட தலைப்பே சார்த்தர் பேசிய 'தீய நம்பிக்கை'யை நினைவூட்டுகிறது. இருத்தலியம் ஒரு நாட்டின் குடியேற்ற விதியாக மாறியிருப்பதைப் பார்க்க அவர் இருந்திருக்க வேண்டும். இந்திய அரசு என்னிடம் அந்த அளவுக்குப் போகவில்லை. அவளை நேசிக்கிறாயா என்று அது கேட்பதில்லை, காகிதம் கேட்கிறது. இதில் ஒரு நாகரிகம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. காகிதத்தை மட்டும் கேட்கிறவன் என் மனதை என்னிடமே விட்டுவைக்கிறான்.

அப்படியென்றால் ஸ்டூடியோவில் எனக்கு ஏன் கூசியது? நண்பர்கள் சிரிக்கலாம். இதே பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுப்பை 'அனுபவத்திலிருந்து வந்ததல்ல, வாசகனின் கண்ணுக்காகத் தயாரிக்கப்பட்டது' என்று நான் நிராகரித்திருக்கிறேன். நமக்கெல்லாம் அது ஒரு தயார்நிலைத் தீர்ப்பு; தயாரிப்பு என்றாலே போலி. அந்தக் கவிஞருக்கு அனுபவம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. யாருடைய கண்ணுக்காகவோ அடுக்கப்பட்டிருந்தது என்பது மட்டுமே தெரிந்தது. அதிலிருந்து உள்ளே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டினேன். இன்று என் கோப்பை யாராவது அதே கண்ணால் பார்த்தால், உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போவார். எழுதியதை வாபஸ் வாங்குகிறேன் என்றில்லை, கவிதைகள் மோசமானவைதான். காரணம் அதுவல்ல என்கிறேன்.

என் மனைவிக்கு இந்தக் கூச்சம் எதுவும் கிடையாது. கையிலுள்ள காகிதம் மூச்சுக்குச் சமம் என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவள். கேமராவின் முன் நான் விறைத்து நின்றபோது, "இஞ்சருங்கோ, கொஞ்சம் சிரியுங்கோவன். உண்மையைத்தானே படம் எடுக்கிறம்" என்றாள். ஸ்டூடியோக்காரர் பின்னணியில் கோபுரம் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கல்யாணம் நடந்த கோயிலில் அவ்வளவு பெரிய கோபுரம் இல்லை. இந்த நுணுக்கம் அந்த நிமிஷத்தில் எனக்கு ஏன் அத்தனை முக்கியமாகப் பட்டது என்று வெட்கத்தோடு இப்போதும் யோசிக்கிறேன்.

படத்தின் பின்னால் தேதி எழுத வேண்டும் என்றார் மனு எழுதுபவர். 2016 என்று எழுதப் பேனாவை எடுத்தேன், எழுதவில்லை. எடுத்த மாதத்தையும் வருஷத்தையும் எழுதிக் கொடுத்தேன். "இதை எதுக்கு சார் வைக்கறது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொல்வதும் நியாயம். கோப்பு படம் இல்லாமலே போகப்போகிறது. அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். கோபமா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். பிறகு படத்துக்குச் சட்டம் போட்டு வாங்கி வரச் சொன்னாள். இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் கல்யாணப் படமா என்று கேட்கிறார்கள். ஓம் என்கிறாள். வியாழக்கிழமை தணிக்கை, நாளை சாயந்திரம் பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும்.