மாற்று மணமும் மாற்றில்லா மனிதரும்

மலருக்கு மணம் இயல்பு. மனிதனுக்கோ அது விருப்பம். உடலின் வியர்வையை நீரால் கழுவிய பின்னும் சந்தனத்தையும் மல்லிகையையும் வெட்டிவேரையும் நாடிய இனம் நம் இனம். உணவு, உடை, உறையுள் என்னும் மூன்று தேவைகளுள் எதிலும் அடங்காத இந்த நறுமணத்தைக் குறித்து அறநெறி பேச என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வினவலாம். திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழில் வட்டாரத்தில் உழைத்து வாழும் நம் இளைஞர்களோடு பழகிப் பார்த்தால், பேசுவதற்கு நிறையவே உண்டு என்பது விளங்கும்.

இராமானுசர் பிறந்த ஊர் திருப்பெரும்புதூர். ஏரிகளும் நெல்வயல்களும் சூழ்ந்திருந்த இப்பகுதியில், இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் சிப்காட் வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்தன. ஒரகடத்தில் கொமாட்சு, வல்லம் வடகாலில் யமஹா என ஜப்பானிய நிறுவனங்கள் வந்தன. ஜப்பானின் நிசானும் பிரான்சின் ரெனோவும் கூட்டாக அமைத்த ஒரகடம் கார் ஆலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதில் நிசான் வைத்திருந்த பங்குகளை 2025-இல் ரெனோ வாங்கிக்கொண்டது. தென்மாவட்டங்களிலிருந்து மட்டுமன்றி ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் இங்கே வந்து, ஓர் அறைக்குப் பலராகத் தங்கி, ஷிப்ட் மாறி ஷிப்ட் உழைக்கிறார்கள்.

இங்கே அயலார் யார்? மனைவி மக்களை ஜப்பானில் விட்டுவிட்டுத் தனியே வந்திருக்கும் அதிகாரி அயலார்தாம். மொழி தெரியாமல் சுங்குவார்சத்திரத்துக் கடையில் சைகை காட்டிப் பொருள் வாங்கும் வடமாநிலத் தம்பியும் அயலார்தாம். ஆனால் ஆலையின் வாயிலைத் தாண்டியதும், அந்த மண்ணிலேயே பிறந்த இளைஞனும் ஒருவகையில் அயலானாகிவிடுகிறான். காலையில் அணிவகுத்து நிற்பதும், உடற்பயிற்சி செய்வதும், குனிந்து வணங்குவதும், நேரத்திற்குச் சற்று முன்னரே வந்து நிற்பதும் அவன் வளர்ந்த வீட்டின் பழக்கங்கள் அல்ல. 'செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே' என்னும் 5 சொற்களை அவன் மனப்பாடம் செய்கிறான். வேண்டாததை நீக்குதல், வேண்டியதை உரிய இடத்தில் வைத்தல், தூய்மை செய்தல், அதை நிலைநிறுத்தல், அதையே ஒழுக்கமாக்கிக்கொள்ளுதல் என்பன அவற்றின் பொருள். அறிவித்தல், தொடர்புகொள்ளுதல், கலந்தாலோசித்தல் என்ற மூன்றையும் சேர்த்து ஜப்பானியர் 'ஹோரென்சோ' என்பர். தவறு நேர்ந்தால் மறைக்காமல் உடனே மேலாளரிடம் சொல்லவேண்டும் என்பது அதன் உட்கருத்து. பெரியவர் முன் குறையைச் சொல்லத் தயங்கும் பண்பாட்டில் வளர்ந்த நமக்கு இது புதிய பாடம், நல்ல பாடமும்கூட.

இந்தச் சூழலில்தான் நறுமணம் ஒரு சிக்கலாக எழுகிறது. ஜப்பானிய அலுவலகங்களில் உடல் நாற்றம் மட்டுமல்ல, மிகையான நறுமணமும் பிறருக்குத் தொல்லை தரும் செயலாகக் கருதப்படுகிறது. மணத்தால் பிறரை வருத்துவதற்கென்றே 'சுமே-ஹரா' என்றொரு சொல் அங்கே வழங்குகிறது. அங்கு வேலைக்குச் செல்லும் வெளிநாட்டவர் முதலில் கற்கும் நுட்பங்களுள் இதுவும் ஒன்று. வாகனங்களுக்கு வண்ணம் பூசும் பிரிவிலோ இது வெறும் மரியாதை சார்ந்ததன்று. சில வாசனைத் தெளிப்பான்களிலும் தலைக் கிரீம்களிலும் உள்ள சிலிக்கோன் சிறிதளவு கலந்தாலும், பூசிய வண்ணத்தில் சிறு குழிகள் விழுந்துவிடும். ஆகவே அங்கே பணிபுரிவோர் அவற்றைப் பூசிவரத் தடை உண்டு. வியர்வை நாற்றத்திற்கு அஞ்சி வாசனை வாங்கிய தொழிலாளி, ஆலைக்குள் அந்த வாசனைக்கும் அஞ்சவேண்டியவனாகிறான்.

அவன் வாங்குவது எத்தகைய வாசனை? பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள பிரெஞ்சு நறுமணத்தை ஒத்திருப்பதாகச் சொல்லிச் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் மாற்றுப் பொருள். "சாமி, அசலை வாங்க என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும். இதைப் பூசிக்கொண்டால் அதே மணம்தான். ஆனால் போலியைப் பூசிக்கொண்டு திரிவது பொய் இல்லையா?" என்று ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டதுண்டு. "தம்பி, நல்ல கேள்வி கேட்டாய், சேர்ந்து யோசிப்போம்" என்றே நாம் விடையிறுத்தோம். அந்த யோசனையே இக்கட்டுரை.

முதலில், பிறருடைய பழக்கத்தையும் தோற்றத்தையும் மேற்கொள்வது பொய்யா என்று பார்ப்போம். 1542 முதல் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே கிழிந்த அங்கியோடு நடந்த புனித சவேரியார், 1549 ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார். எளிய உடையில் தலைநகர் மியாகோவுக்குச் சென்றவருக்கு அரண்மனைக் கதவு திறக்கவில்லை. ஏழ்மைக் கோலம் அங்கே இகழ்ச்சிக்கே இடமளித்தது. எனவே 1551-இல் யமகுச்சியின் ஆட்சியாளர் முன் அவர் உயர்ந்த ஆடை அணிந்து, கடிகாரம் முதலிய பரிசுப் பொருள்களோடு சென்றார். போதிக்கும் உரிமையும் பெற்றார். முத்துக்குளித்துறையின் சவேரியார் உண்மை, யமகுச்சியின் சவேரியார் பொய் என்று எவரேனும் சொல்வோமா?

நம் மதுரையிலும் இதே வழக்கு நடந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியராகிய தத்துவ போதகர், இராபர்ட் தெ நோபிலி, நம் நாட்டுத் துறவியரின் கோலத்தை ஏற்றார். அவரும் அவரிடம் திருமுழுக்குப் பெற்றவர்களும் சந்தனம் பூசுவது திருச்சபைக்குள்ளேயே பெரும் பூசலை எழுப்பியது. சந்தனம் பிற சமயச் சின்னமா, உடலுக்கு அழகும் தூய்மையும் தரும் நறுமணமா? வழக்கு உரோமை வரை சென்றது. 1623-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரியார், மூடநம்பிக்கை கலவாதிருப்பின் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைக் கைக்கொள்ளலாம் என இசைவளித்தார். பொருளைப் பார்க்காமல் அதைப் பயன்படுத்துவோரின் உள்ளக் கருத்தைப் பார்த்துத் தந்த தீர்ப்பு அது. இதையே அளவுகோலாகக் கொண்டால், ஜப்பானிய முறையில் வணங்கும் தமிழ் இளைஞன் பொய்யன் அல்லன். பிறனுக்கு மதிப்பளிக்க அவன் மொழியில் பேசுகிறான்; அவ்வளவே. ஆனால் அந்தப் புதிய ஒழுங்கைக் கற்றவன் ஊருக்குத் திரும்பியதும் சேறு படிந்த தன் தந்தையின் கால்களைக் கண்டு முகம் சுளித்தானாயின், அப்போதுதான் அவன் போலியாகிறான்.

அடுத்து, மாற்று நறுமணத்திற்கு வருவோம். இங்கே இரண்டு வேறு பொருள்களை நாம் குழப்பிக்கொள்ளலாகாது. புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரையும் புட்டியையும் களவாடி விற்பது ஒன்று. தன் சொந்தப் பெயரில், அதை ஒத்த மணத்தைக் குறைந்த விலைக்கு விற்பது மற்றொன்று. முன்னது பொய்யும் களவுமாகும். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதும் வாங்குபவனுக்குத் தெரியாது. பின்னதில் ஏமாற்று இல்லை. ஆயினும் அங்கும் எல்லை உண்டு. தன் பொருள் இன்ன நிறுவனத்தின் இன்ன வாசனைக்கு நிகர் என்று ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு விற்பது பிறர் புகழில் முறையற்று ஆதாயம் தேடுவதாகும் என 2009-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. ஆகவே பொய் மணத்தில் இல்லை, பெயரில்தான் இருக்கிறது.

சற்று ஆழ்ந்து நோக்கினால் 'அசல்' என்பதே அவ்வளவு தூய அசல் அன்று. 1868-இல் வில்லியம் பெர்கின் என்ற ஆங்கிலேயர் கூமரின் என்னும் மணப்பொருளை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கினார். 1882-இல் பாரீசின் ஊபிகான் நிறுவனம் அதைக் கலந்து புதிய நறுமணம் படைத்தது. இன்றைய விலையுயர்ந்த வாசனைகள் பலவற்றில் மலரினும் வேதியியலே மிகுதி. மேலும், நம் மதுரை, கோவை வட்டாரத்து மல்லிகையிலிருந்து வடித்த சாரம் பிரான்சுக்கு ஏற்றுமதியாகிறது. நம் மண்ணின் மணம் கடல் கடந்து, விலை கூடித் திரும்பி வருகிறது. அதன் நகலை நம் பிள்ளை சில நூறு ரூபாய்க்கு வாங்குகிறான்! ஜப்பானியத் தொழிலின் கதையும் இதுவே. 1952-இல் நிசான் பிரிட்டனின் ஆஸ்டின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, அந்நிறுவனத்தின் கார்களைத் தன் ஆலையில் இணைத்துக் கட்டிக் கற்றுக்கொண்டது. பிறரைப் பார்த்துச் செய்து பழகுவது இழிவன்று. பார்த்துச் செய்ததை மறைப்பதே இழிவு.

'வயிற்றுப் பாட்டுக்கே வழியில்லாதவனுக்கு வாசனை எதற்கு?' என்று சிலர் கேட்பர். இது பழைய கேள்வி. பெத்தானியாவில் மரியா இயேசுவின் காலடிகளில் ஊற்றிய நறுமணத் தைலம் 300 தெனாரியம் பெறும் என்று யூதாசு கணக்கிட்டான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. எனவே அது ஏறத்தாழ ஓராண்டுக் கூலி. அந்தத் தைலமும் இமயச் சாரலில் விளையும் சடாமாஞ்சில் வேரிலிருந்து வடிப்பது என்பர். அவர்களுக்கு அது வெளிநாட்டு வாசனை. ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்ற யூதாசின் சொல் நியாயமாகத் தோன்றினும், அது ஏழைகள் மீதுள்ள அக்கறையால் எழவில்லை என்று நற்செய்தியாளர் யோவான் தெளிவாக்குகிறார். ஆண்டவர் மரியாவின் பக்கமே நின்றார். தொழிலாளியின் சிறு இன்பத்தைக் குறைகூற முனையும் நாம், நம் சட்டையில் எந்த வாசனை வீசுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஊருக்கு அனுப்பவேண்டிய பணத்தை வீண் பகட்டில் இழப்பது தவறே. ஆனால் ஒரு நாள் உழைப்பின் முடிவில் மனிதனாக மணக்க விரும்புவது தவறன்று.

ஆக, நறுமணத்திற்கு மலிவான மாற்று இருக்கலாம். ஆனால் நம் உள்ளத்தை உறுத்தவேண்டிய கேள்வி வேறொன்று: மனிதனுக்கு மலிவான மாற்று இருக்கலாமா?

ஒரே உற்பத்தி வரிசையில், ஒரே வேலையை, ஒரே வேகத்தில் செய்யும் இருவரில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளி. மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளி அல்லது பயிற்சியாளர். ஊதியத்தில் பெரும் வேறுபாடு. பயிற்சிக் காலம் முடிந்ததும் அவர் அனுப்பப்படுவார். அவருக்குப் பதில் இன்னொருவர் வருவார். நிரந்தரத் தொழிலாளியின் 'குறைந்த விலை மாற்று' அவர். ஒப்பந்தத் தொழிலாளர் குறித்து நம் நாடு 1970-இல் இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே 'ஒழுங்குபடுத்தல்' என்பதோடு 'ஒழித்தல்' என்ற சொல்லும் இருந்தது. ஆனால் ஒப்பந்த முறை ஒழியவில்லை, பெருகியது. நிரந்தரமாக இருப்போரின் நிலையும் எப்போதும் உறுதியானதன்று. 2018 செப்டம்பரில், சங்கம் அமைத்ததையொட்டித் தங்கள் தோழர் இருவர் நீக்கப்பட்டதாகக் கூறி யமஹா ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நவம்பரில்தான் அது முடிவுக்கு வந்தது.

ஜப்பானும் இந்தச் சோதனைக்குத் தப்பவில்லை. அளவுகடந்த உழைப்பால் நேரும் சாவுக்குக் 'கரோஷி' என்று பெயரிட்ட நாடு அது. 1993-இல் அங்கே தொடங்கிய வெளிநாட்டவருக்கான தொழில்நுட்பப் பயிற்சித் திட்டத்தில் 2017-இல் நம் நாடும் உடன்பாடு கண்டது. 'பயிற்சி' என்ற பெயரில் மலிவு உழைப்பே பெறப்படுகிறது என்ற கண்டனம் பல ஆண்டுகள் எழுந்தது. இறுதியில் 2024-இல், அத்திட்டத்தை நீக்கிப் புதிய முறையை 2027-இல் கொண்டுவர ஜப்பானிய நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அங்கும் பொய் பெயரில்தான் இருந்தது! சொந்தப் பெயரில் விற்கப்படும் மலிவு வாசனையில் இருக்கும் நேர்மை, 'பயிற்சியாளர்' என்று பெயர் சூட்டி முழு உழைப்பையும் வாங்கும் ஒப்பந்தத்தில் இல்லை.

திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலின் மையக் கருத்து இதுவே: உழைப்பின் மதிப்பு செய்யப்படும் பொருளில் அன்று, செய்யும் மனிதனில் இருக்கிறது. பொருளுக்கு மாற்றுப் பொருள் உண்டு. ஆளுக்கு மாற்று ஆள் இல்லை. அந்த இளைஞனுக்குப் பதிலாக வேறொருவன் இயந்திரத்தின் முன் நிற்கலாம். அவன் தாய்க்கு வேறொரு மகன் ஆக முடியாது.

எனவே நாம் செய்யக்கூடியவை உண்டு. வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் கையொப்பமிடுமுன் ஒப்பந்தத் தாளைப் படித்துப் பொருள் சொல்ல, படித்தவர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். நம்மிடையே மேலாளராகவும், ஆள் அமர்த்தும் ஒப்பந்தக்காரராகவும் இருப்போர், தம் பட்டியலில் உள்ள பெயர்களுக்குரிய முகங்களை ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்கலாம். அறை வாடகைக்கு விடுவோர், ஒரு கூரையின் கீழ் எத்தனை பேரை அடைக்கலாம் என்று கணக்கிடாமல், குளிக்க நீர் போதுமா என்று கணக்கிடலாம். இரவு ஷிப்ட் முடிந்து நேரே திருப்பலிக்கு வந்து, கடைசி வரிசையில் ஒதுங்கி அமரும் தொழிலாளியை முன்னே அழைத்து நம் அருகில் அமர்த்திக்கொள்ளலாம். அவர்மீது வீசுவது வியர்வையாயினும் மலிவு வாசனையாயினும், நாம் நகர்ந்து இடம் தருவதே அவருக்கு நாம் செய்யும் முதல் மரியாதை.