எங்கே விட்டீர்கள்?

2020 ஆகஸ்ட், ஊரடங்கு சமயம். சென்னையில் அறையைக் காலி செய்துவிட்டு ஆற்காட்டில் அம்மா வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் துணி எடுக்கப் போன அம்மா மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்து வந்தாள். "குக்கர்ல ஆவி போற மாதிரி சத்தம் வருதுடா." தேங்காய் மட்டைக் குவியலின் ஓரத்தில் அது சுருண்டு கிடந்தது. பருத்த உடம்பு, சங்கிலி கோத்த மாதிரி பழுப்பு வட்டங்கள். கண்ணாடி விரியன்.

பக்கத்து வீட்டு மாமா தடியோடு வந்துவிட்டார். "தள்ளுப்பா, ஒரே போடு." நான் விடவில்லை. போனில் தேடிப் பாம்பு பிடிக்கும் ஓர் இளைஞரைக் கூப்பிட்டேன். அரை மணி நேரத்தில் வந்தார். கொக்கிக் கம்பியால் தூக்கி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இறக்கி, மூடியைத் திருகினார். பெட்ரோலுக்கு முந்நூறு ரூபாய் கொடுத்தேன். ராத்திரி நண்பர்கள் குழுவில் படம் போட்டேன். இதயங்கள் நிறைய வந்தன. ஒரு உயிரைக் காப்பாற்றிய நிறைவோடு தூங்கினேன்.

மறுநாள் காலை பாத்திரம் தேய்க்க வந்த அக்காவிடம் அம்மா முழுக் கதையையும் சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்க தம்பி வுட்டாங்க அத?"

"ஊருக்கு வெளியில, ஏரிக்கரையிலக்கா."

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். "நாங்க ஏரியாண்டதான கீறோம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேள்வியைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

*

கொல்லக் கூடாது என்பதற்கு அன்று என்னிடம் காரணங்கள் இருந்தன. இப்போதும் அவை சரியென்றே நினைக்கிறேன். அந்த விரியன் என் அம்மாவைக் கடிக்க வரவில்லை, எலிக்காக வந்தது. எலி எங்கள் வீட்டு அரிசி மூட்டைக்காக வந்தது. எங்கள் தெருவே முப்பது வருஷத்துக்கு முன்பு நெல் வயல். வேறு மாதிரி நடந்துகொள்ள முடிகிற ஒருவரைத்தான் நாம் குற்றவாளி என்று சொல்ல முடியும். மிதித்தால் கடிப்பது என்ற ஒன்றைத் தவிர வேறு வழி தெரியாத உயிரைத் தண்டிப்பதில் என்ன நியாயம்?

சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி விரியனைக் கொல்வது குற்றம். தன்னையோ இன்னொருவரையோ காப்பாற்றிக்கொள்ள நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்று அதன் 11ஆம் பிரிவு விலக்குக் கொடுக்கிறது. அன்று பாம்பு மூலையில் கிடந்தது, நாங்கள் பத்தடி தள்ளி நின்றோம், பிடிக்க ஆள் வந்துகொண்டிருந்தார். மாமாவின் தடிக்கு அவசியம் இல்லை. ஆடி மாதம் குடும்பத்தோடு புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு வருபவர் அவர். புற்றில் இருந்தால் சாமி, மட்டைக் குவியலில் இருந்தால் அடி. அந்த முரண்பாட்டைப் பார்த்து அன்று எனக்குள் கொஞ்சம் சிரிப்புகூட இருந்தது.

என் காரணங்கள் எல்லாமே பாம்புக்கும் எனக்கும் நடுவில் இருந்தவை. மூன்றாவது ஆள் ஒருவர் அந்தக் கணக்கில் இருக்கிறார் என்பது ஏரிக்கரை அக்கா கேட்கும்வரை எனக்குத் தோன்றவேயில்லை.

*

இந்தியாவில் பாம்புக்கடியால் சாகிறவர்கள் யார்? 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலோர் கிராமத்துக்காரர்கள். கால்வாசிப் பேர் பதினைந்து வயதுக்குக் கீழானவர்கள். பாதிச் சாவுகள் ஜூன் முதல் செப்டம்பருக்குள், மழைக்காலத்தில் நடக்கின்றன.

பாம்பின் குணத்தைப் பார்த்தாலும் இது தெரியும். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும். தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைத்தான் அது கடிக்கிறது. பல சமயம் வலிகூடத் தெரியாது. விடியும்போது இமையைத் தூக்க முடியாது, அப்புறம் மூச்சு முட்டும். கண்ணாடி விரியன் வயல் வரப்பில், புல்லில், இருட்டில் மிதிபடும் பாம்பு. அதன் விஷம் ரத்தத்தை உறைய விடாது. அரசு மருத்துவமனைகளில் இதற்கு எளிய சோதனை ஒன்று செய்வார்கள். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்பது. உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, மருந்து போட வேண்டும். மருந்தும் அங்கேயே இருக்கிறது, காசு கிடையாது. ஆக, பாம்பு கடித்தவர் பிழைப்பதற்குக் கட்டில், செருப்பு, டார்ச், வீட்டுக்குள் கழிப்பறை, ஆஸ்பத்திரிக்கு ஒரு சாலை எல்லாம் விஷமுறிவு மருந்தைப் போலவே முக்கியம். எங்கள் வீட்டில் இவை எல்லாம் உண்டு. ஏரிக்கரையில் பாதி கிடையாது. அதே பாம்பு, எங்கள் வீட்டிலிருந்து அங்கே போனதும் அதிக ஆபத்தானதாகிவிட்டது.

காட்டில் விட்டிருக்கலாமே என்று பிறகு யோசித்தேன். வனத்துறைக்குச் சொல்லி அவர்கள் மூலம் விடுவதுதான் முறை. வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலை இருக்கிறது, காப்புக்காடு. 2023 மே மாதம் அந்த மலைக் கிராமம் ஒன்றில் ராத்திரி தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலைக்கு ஒழுங்கான சாலை கிடையாது. கீழே கொண்டுவருவதற்குள் குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் அந்த உடலைச் சுமந்து மலையேறினார். அந்தச் செய்தி நாடு முழுக்கப் போனது. சாலை அதுவரை வராததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அது காடு, வனத்துறை அனுமதி வேண்டும் என்பது.

நான் காடு என்று நினைப்பது இன்னொருவருக்கு வீடு. பாம்பின் பக்கமிருந்து பார்த்தாலும் இடம்மாற்றுவது சுலபமான தீர்வு இல்லை. உடம்பில் ரேடியோ கருவி வைத்துப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், தெரியாத இடத்தில் விடப்பட்ட பாம்புகள் வழக்கத்தைவிட அதிகமாக அலைவது தெரியவந்திருக்கிறது. பழகிய பொந்தும் கிடையாது, இரை கிடைக்கும் இடமும் தெரியாது. அலையும் பாம்புதான் ஆளை எதிர்கொள்ளும்.

*

இந்தப் பக்கத்தில் கொல்லாமைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆற்காட்டுக்குப் பக்கத்தில், விளாப்பாக்கம் அருகே பஞ்சபாண்டவர் மலை இருக்கிறது. பெயர்தான் பாண்டவர், உள்ளே இருப்பது சமணம். வட ஆற்காட்டுக் குன்றுகள் பலவற்றில் சமண முனிவர்கள் தங்கிய குகைகளைப் பார்க்கலாம். தீர்த்தங்கரர்களில் பார்சுவநாதரைத் தலைக்குமேல் விரிந்த பாம்புப் படத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். வேள்வித் தீயில் எரிந்துகொண்டிருந்த கட்டைக்குள் மாட்டிக்கொண்ட பாம்புகளுக்காக அவர் இரங்கினார் என்றும், பிற்பாடு புயலில் பாம்பு அவருக்குக் குடை பிடித்தது என்றும் கதை.

சின்ன வயதில் கேட்டபோது அது கருணைக் கதை, அவ்வளவுதான். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அந்த முனிவர்கள் பாம்பு இருக்கும் அதே பாறைத் தரையில் படுத்தார்கள். பாம்பைக் கொல்ல மாட்டேன் என்று சொன்னவரும் அந்தப் பாம்பிடம் கடிபடக்கூடியவரும் ஒரே ஆள். என் விஷயத்தில் அவர்கள் இரண்டு பேர். தீர்மானித்தது நான், ராத்திரி இருட்டில் ஏரிப்பக்கம் ஒதுங்கப் போகிறவர் அக்கா. கொல்லாமை என்று நான் பெயர் வைத்துக்கொண்டதன் செலவை அவர் கணக்கில் எழுதிவிட்டேன்.

எங்கள் வேலையில் இதை அடிக்கடி பார்ப்பேன். ஒரு பிழையைச் சரிசெய்யாமல் இன்னொரு டீமின் பெயரில் மாற்றிவிட்டால் நம் பட்டியலில் அது 'முடிந்தது' என்று காட்டும். பிழை எங்கேயும் போயிருக்காது.

*

தமிழில் பாம்பின் பல்லில் இருப்பதற்கும் ஆற்றில் கலப்பதற்கும் ஒரே சொல்தான், விஷம். தோல் தொழில் நடக்கும் ஊரில் வளர்ந்தவன் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆற்காட்டுக்கும் ராணிப்பேட்டைக்கும் நடுவில் பாலாறு. என் பெரியப்பா முப்பது வருஷம் ஒரு டேனரியில் குரோம் டிரம் பக்கம் நின்றவர். விரல் இடுக்கில் ஆறாத புண்கள் இருக்கும். பாம்பென்றால் தெருவையே கூட்டுவார். கையைப் பற்றிக் கேட்டால், "அது ஒண்ணும் பண்ணாது" என்பார். கண்ணும் வாலும் இருக்கிற விஷத்தை நாம் அடையாளம் கண்டுகொள்கிறோம். தண்ணீரில் கரைந்தது பழகிப்போகிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் பதனிட்ட தோலும் ஷூவும் வெளிநாட்டுக்குப் போகும்போது கழிவு இங்கேயே தங்கியது. ராணிப்பேட்டை சிப்காட்டில், தொண்ணூறுகளில் மூடப்பட்ட ஒரு குரோமியம் ரசாயன ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். 1996இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. நாடு முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பு அது. அதற்குப் பிறகும், 2015 ஜனவரி 31 விடியற்காலையில் சிப்காட்டின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் சகதியில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அல்லேரிக் குழந்தையும் தூக்கத்தில்தான் இருந்தது, இவர்களும் தூக்கத்தில்தான் இருந்தார்கள். இரண்டையும் சமப்படுத்த நான் வரவில்லை. தொட்டியைக் கட்டியவர்களுக்கு வேறு மாதிரி நடந்துகொள்ள முடியும், பாம்புக்கு முடியாது. ஆனால் ஏதோ ஒரு விஷத்தை நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்ததென்று நினைக்கிற பழக்கம் ஒன்றுதான். ஷூ வாங்குகிறவருக்கு அந்தத் தூரம் பாலாறு. எனக்கு ஏரிக்கரை.

*

விஷத்தைத் தள்ளிவிடாமல் கையில் வாங்கியவர்களும் உண்டு. இருளர்கள் ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். எழுபதுகளில் தோல் வியாபாரம் சட்டப்படி நின்றபோது அவர்கள் பிழைப்பும் நின்றது. 1978இல் பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் மண்பானைகளில் வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை விஷம் எடுத்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் திரும்ப விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்தில் பெரும்பங்கு இவர்கள் எடுத்த விஷத்திலிருந்து வருவது. வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இதை மட்டும் சொல்லி மகிழ்ந்துவிட முடியாது. எங்கள் வட்டாரத்தில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களும் இதே இருளர்கள்தான். மற்றவர்களின் ஆபத்தைச் சுமக்கிற வேலை எப்போதும் ஏன் சில கைகளுக்கே போகிறது என்ற கேள்வி இங்கேயும் மிச்சமிருக்கிறது.

அப்படியானால் அன்று மாமாவை அடிக்க விட்டிருக்க வேண்டுமா? இல்லை என்றுதான் இன்னமும் சொல்வேன். ஒரு விரியனை அடித்தால் எலியும் மட்டைக் குவியலும் அப்படியே இருக்கும், அடுத்தது வரும். அடித்ததும் மனசுக்குள் விஷயம் முடிந்துவிடும் என்பதுதான் அதிலுள்ள கெடுதல். நான் செய்ததிலும் அதே கெடுதல் இருந்தது, டப்பாவின் மூடியைத் திருகியதும் எனக்கு விஷயம் முடிந்துவிட்டது. கொல்லாமல் விடுவது சரிதான். ஆனால் விட்ட இடத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் அந்த முடிவின் ஒரு பகுதி. அதைக் கேட்காதவரை என் கருணை பாதிதான் செய்யப்பட்டிருக்கிறது.

அந்த வாரம் அக்காவுக்கு ஒரு டார்ச்சும் கொசுவலையும் வாங்கிக்கொடுத்தேன். வலையை மகளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். "லைட் கம்பம் கேட்டு ஒரு மனு எழுதிக் குடு தம்பி, அது போதும்" என்றார். எழுதினேன். ஏரிக்கரைத் தெருவில் மூன்று கம்பங்களுக்கு மனு. பல மாதம் கழித்து ஒன்றில் விளக்கு வந்தது. மற்ற இரண்டுக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் மறுபடியும் பின்பக்கம் ஒரு பாம்பு. சாரைதான், விஷமில்லாதது. இருந்தாலும் நான் போனை எடுத்தேன். அம்மா உள்ளேயிருந்து சொன்னாள்: "எங்க விடப்போறாருன்னு மொதல்ல கேளு."