யாத்திரைத் திட்டமும் விடுபட்ட சேரியும்

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் ‘பிரயாணி’ என்ற சொல் நெடுங்காலமாக வெளியிலிருந்து வருபவரையே குறித்து வந்துள்ளது. நானுஓயா நிலையத்தில் இறங்குவோர் ஏரியையும், வெள்ளையர் விட்டுச்சென்ற விடுதிகளையும், கொழுந்து கொய்யும் பெண்களையும் ஒரே நோக்கிற் கண்டு, படம் பிடித்து மீள்வர். அப்படத்தில் இடம்பெற்றோரின் மக்கள் தாமே பிரயாணிகளாகி, அயல்நாட்டின் வரலாற்று நகரங்களைக் காணப் புறப்படுதல் அண்மைக்காலத்து மாற்றமாகும். இவ்விடத்தில் ஒழுக்கவியல் சார்ந்த வினாவொன்று எழுகின்றது. பிறர் தன்னைப் பார்த்த முறையிலேயே தானும் பிறரைப் பார்த்துத் திரும்புவானாயின், அவன் பெற்ற சுதந்திரம் எத்தகையது?

ஹட்டனை அடுத்த தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து ஆசிரியராகிய ஒருவர் உளர் என்க. பத்து நாட் பயணமொன்றுக்கு அவர் திட்டம் வகுக்கின்றார். கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் திருச்சி. அங்கிருந்து வாடகை வானில் தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம், மதுரை. நேரம் எஞ்சுமாயின், கோத்தகிரியிலுள்ள அத்தை வீட்டுக்கு அரைநாள். பாட்டனாரின் ஊர் அத்தாளில் இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் என்பதன்றி அதன் பெயரை வீட்டில் எவரும் அறியார். இத்திட்டத்தைக் குறைகூறல் எளிது. ஆயினும் அவர் படித்த பாடநூல்கள் சோழரின் பெருமையைக் கற்பித்தனவேயன்றி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பட்டினியைக் கற்பிக்கவில்லை.

அவர் குடும்பத்தார் இதற்குமுன் இருமுறை கடல் கடந்துள்ளனர். இரண்டு பயணங்களையும் வகுத்தவர் பிறரே. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்குமாகத் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர். நாள் குறித்தவன் கங்காணி; அவன் கொடுத்த முன்பணமே பயணச்சீட்டும் கடன்சீட்டும் ஆயிற்று. தோணியில் மன்னார்க் கரையிறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் நோக்கி நடந்தோருட் பலர் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியாயினர். இரண்டாம் பயணத்தை வகுத்தவர் இரு பிரதமர்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் புதுதில்லியில், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இற் சரிபாதியாகப் பிரித்தனர். அத்தையார் தலைமன்னாரிற் கப்பலேறியது இவ்வொப்பந்தத்தின்படியே. எந்த ஊர், எத்தனை நாள் என்று தன் கையால் எழுதும் உரிமை அக்குடும்பத்தில் முதன்முதலாக ஆசிரியருக்கே வாய்த்துள்ளது. அதனால்தான் அத்தாளில் எது இடம்பெறுகின்றது, எது விடுபடுகின்றது என்பது பொருட்படுத்தத்தக்கதாகின்றது.

இனி, தஞ்சைப் பெருவுடையார் கோயிலை நோக்குக. 1010இல் நிறைவெய்திய அதன் விமானத்தின் முன் எவரும் வியந்து நிற்பர், வியத்தல் தவறன்று. ஆனால் அச்சுவர்களிற் கல்வெட்டுகளும் உள்ளன. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் எல்லைகளை அவை கணக்கிடுகின்றன. ஈழமண்டலத்து ஊர்கள் சிலவும் அக்கொடையில் அடங்கின. வரி நீக்கப்பட்ட நிலங்களுள் ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் பெயர் சொல்லிக் குறிக்கப்பெறுகின்றன. மலைநாட்டுக்கு வந்தோரிற் பெரும்பகுதியினர் இத்தகைய சேரிகளிலிருந்தே புறப்பட்டோர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலினுள் ஒடுக்கப்பட்டோர் முதன்முதல் அழைத்துச் செல்லப்பட்டது 1939 ஜூலை 8ஆம் நாளிலேயே. ஆசிரியரின் முன்னோர் அதற்கு இரு தலைமுறை முன்பே கண்டிச் சீமைக்கு நடந்துவிட்டனர். அவர்கள் காண இயலாத கருவறை வாயிலில், பேரன் நுழைவுச்சீட்டுடன் வரிசையில் நிற்கப்போகின்றார்.

அங்ஙனம் நிற்றல் தகுமா? தகாது என்பார் உளர். பாட்டனை விலக்கிய வாயிலைப் பேரன் புகழ்வது அவமதிப்பை மறப்பதாகும் என்பது அவர் வாதம். இவ்வாதத்தின் வலிமை மறுக்கற்பாலதன்று. எனினும் அது கோயிலை முற்றாகக் கட்டுவித்தோருக்கே விட்டுக்கொடுத்து விடுகின்றது. அளக்கப்பட்ட நெல்லை விளைவித்த கைகளுள் சேரியின் கைகளும் இருந்தன. அரசன் கொடுத்தது பிறர் உழைப்பின் பயனையே. ஆகவே ஆசிரியருக்கு அவ்விடத்தில் உரிமையுண்டு. அவ்வுரிமை சோழனின் வாரிசு என்ற முறையில் வருவதன்று. நெல்லளந்தோரின் வாரிசு என்ற முறையில் வருவது. இவ்வேறுபாட்டை உணராது, ‘நம் மன்னர் கட்டியது’ என்று மட்டும் பெருமிதங் கொள்வாராயின், அவர் நிலை ஹில் கிளப்பின் புல்வெளியில் நின்று ‘எங்கள் துரைமார் அமைத்தது’ என்று லயத்துப் பிள்ளை பூரிப்பதை ஒத்ததாகும். ஹில் கிளப்பைப் பற்றி எவரும் அவ்வாறு பேசுவதில்லை. தஞ்சையைப் பற்றிப் பேசுவதற்கு ஆயிரம் ஆண்டுத் தொலைவு துணைசெய்கின்றது போலும்.

கோத்தகிரிக்கு ஒதுக்கிய அரைநாளுக்கு அத்தகைய தொலைவும் இல்லை. தாயகம் திரும்பியோர் எனப் பெயர் சூட்டப்பெற்றோர் நீலகிரியில் மீண்டும் தேயிலைக் கொழுந்தையே கொய்தனர். இங்கு ‘இந்தியாக்காரர்’ எனவும் ‘கள்ளத்தோணி’ எனவும் இகழப்பட்டவர் அங்கு ‘சிலோன்காரர்’ ஆயினர். அங்குள்ள லயங்கள் வரலாற்றுச் சின்னங்களாக எவ்வழிகாட்டி நூலிலும் இடம்பெறுவதில்லை. பாதுகாக்கத்தக்க கல்வெட்டும் அங்கில்லை. அத்தையாரின் நினைவிற் புதுக்கோட்டைப் பக்கத்து ஊரின் பெயர் எஞ்சியிருத்தல் கூடும். அரைநாளில், தேநீருக்கும் பலகாரத்துக்குமிடையில், அதனைக் கேட்டறிய முடியுமா என்பது ஐயமே. தாராசுரத்துச் சிற்பங்கள் அடுத்த ஆண்டும் இருக்கும்; எண்பது வயது கடந்த அத்தையாரைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. திட்டத்தில் மாற்றம் செய்வதாயின், முதலில் திருத்தற்குரியது இந்த அரைநாளே.

பிறிதொன்றும் உண்டு. அவர் காண விரும்பும் வரலாற்றுப் பாதைகளுட் பழையதொன்று கடலுக்கு இப்பாலேயே கிடக்கின்றது. 2023இல், மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைவுற்றதையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் நிறைவெய்தியது. மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, மன்னார் என அவ்வழியே எதிர்த்திசையிற் செல்வதற்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. ஹட்டனில் விடியுமுன் புறப்படும் வான், பொழுது சாய்வதற்குள் தலைமன்னார் இறங்குதுறையைச் சேர்ந்துவிடும்.