முதல்ல சாப்பிட வாங்க

(கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைப் பங்கு ஒன்றில், கல்லறைத் திருநாள் மாலைத் திருப்பலியில் ஆற்றிய மறையுரை)

இன்னைக்கு வாசிச்ச நற்செய்தி வேற. நான் அதை விட்டுட்டு யோவான் 21-க்குப் போறேன். உபதேசியார் என்னை முறைக்கிறார். முறைக்கட்டும். (சிரிப்பு) கடல் சத்தம் கேட்கிற இடத்துல நின்னுக்கிட்டு யோவான் 21-ஐப் பேசலைன்னா வேற எங்க போய்ப் பேசுறது?

ஏழு பேர். பேதுரு, தோமா, நத்தனியேல், செபதேயு மக்கள் ரெண்டு பேர், பேர் சொல்லாத ரெண்டு பேர். ராத்திரி முழுக்க வலை போட்டும் மீன்பாடு இல்லை. பாடு இல்லாம கரைக்கு வாற ஆம்பளை முகம் எப்படி இருக்கும்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

பேதுரு ஏன் திரும்பக் கடலுக்குப் போனார்? விசுவாசம் குறைஞ்சு போச்சு, பழைய தொழிலுக்கு ஓடிட்டார்னு சில பிரசங்கிமார் சொல்லுவாங்க. எனக்கு அது ஒப்பலை. பேதுருவுக்கு மாமியார் உண்டு, காய்ச்சல்ல கிடந்த மாமியார். மாமியார் உண்டுன்னா பெண்டாட்டி உண்டு. பெண்டாட்டி உண்டுன்னா வீட்டுல உலை கொதிக்கணும். நம்ம மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் குழுக்கடன் தவணை நிக்குதா? நிக்காது. உயிர்ப்புக்கு அப்புறமும் வயிறு பசிக்கத்தான் செய்யும். போனார், அவ்வளவுதான்.

இப்போ கரையைப் பாருங்க. அங்க நிக்கிறது உயிர்த்த ஆண்டவர். சாவை ஜெயிச்சவர். பிலாத்து வீட்டு வாசல்ல போய் நின்னு, ‘இப்போ என்ன சொல்லுத?’ன்னு கேட்டிருக்கலாம். நானா இருந்தா கேட்டிருப்பேன். (சிரிப்பு) அவர் என்ன பண்ணினார்? அடுப்பு மூட்டினார். கரி நெருப்பு, அது மேல மீன், பக்கத்துல அப்பம். இவங்க வலையில விழுந்த 153 கரைக்கு ஏறுமுன்னேயே அங்க மீன் வெந்துக்கிட்டிருக்கு. அதை எந்த ஏலத்துல எடுத்தாரோ, யோவான் எழுதலை. கரைக்கு வந்தவங்களை அவர் கூப்பிட்டது, சாப்பிட வாங்க.

ஓடிப்போனது ஏன், மறுதலிச்சது ஏன்னு ஒரு வார்த்தை இல்லை. பேதுரு மறுதலிச்சது தலைமைக் குரு வீட்டு முற்றத்துல, கரி நெருப்பு பக்கத்துல குளிர்காஞ்சுக்கிட்டு நின்னப்போ. இங்கயும் கரி நெருப்பு. பேதுருவுக்கு அந்தப் புகை போதும். ஆனா ஆண்டவர் வாயைத் திறக்கலை. சாப்பிட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் அந்த மூணு கேள்வி. முதல்ல சோறு, அப்புறம்தான் பேச்சு. இதை எழுதி வச்சுக்கோங்க.

 

எதுக்கு இதைச் சொல்லுதேன்? 2017 நவம்பர் 30. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துக்கிட்டிருந்த நாள். ஒக்கி புயல் வந்துச்சு. அதுக்கு முன்னாடியே ஆழ்கடலுக்குப் போயிருந்த போட்டுகள் எத்தனை! தூத்தூர் முதல் நீரோடி வரை ஒவ்வொரு ஊரா மணியடிச்சுக் காத்திருந்தோம். அந்த ஞாயிறு டிசம்பர் 3, திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு. வருவார் வருவார்னு நாம பாடுற காலம். வராதவங்களுக்காகக் கரையில நின்ன பெண்கள்கிட்ட அன்னைக்கு என்ன பிரசங்கம் வைக்கிறது?

கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் பூவும் மெழுகுதிரியுமா வந்திருக்கோம். மண் உண்டு, சிலுவை உண்டு, பேர் எழுதின பலகை உண்டு. கடலுக்குப் போய்க் கரை சேராதவங்க வீட்டுக்காரங்க மெழுகுதிரியை எங்க கொளுத்துவாங்க? ஆளைக் காணலைன்னா செத்தார்னு சட்டம் எடுத்துக்க ஏழு வருஷம். அந்தப் பெண்ணுக்கு விதவைன்னு அழவும் முடியாது, இருப்பார்னு சிரிக்கவும் முடியாது.

அந்த வீட்டுக்குப் போய் நாம என்ன பேசினோம்? ‘கடவுள் சித்தம்.’ ‘உன் ஜெபத்துல குறை.’ ‘முன்னோர் பாவம்.’ யார் சொன்னது இதெல்லாம்? பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம்னு சீடர்கள் கேட்டப்போ ஆண்டவர் என்ன சொன்னார், யோவான் 9-ஐ வீட்டுல எடுத்துப் பாருங்க. வெட்கமா இருக்கணும் நமக்கு.

யோபுவோட கூட்டுக்காரங்களும் நம்ம மாதிரிதான். வந்தாங்க, ஏழு பகல் ஏழு ராத்திரி அவர்கூட வெறுந்தரையில பேசாம உட்கார்ந்தாங்க. தங்கமான மனுஷங்க! அப்புறம் வாயைத் திறந்து, நீ செய்த பாவம்தான்னு விளக்கம் சொன்னாங்க, கெடுத்தாங்க. கடைசியில ஆண்டவருக்குக் கோபம் வந்தது யோபு மேல இல்லை, இந்த விளக்கம் சொன்னவங்க மேல. அதிகாரம் 42.

சகோதரன் லாசர் செத்தப்போ மார்த்தா ஆண்டவர்கிட்டேயே சண்டை போட்டா. நீர் நேரத்துக்கு வந்திருந்தா என் சகோதரன் பிழைச்சிருப்பானேன்னு கேட்டா. கேட்டதுக்கு அவர் கோபிச்சாரா? இல்லை. விசுவாசம் இருந்ததாலதான் சண்டை போட்டா, இல்லாதவ பேசாம போயிருப்பா. இன்னொண்ணு. இன்னும் கொஞ்ச நேரத்துல லாசரை எழுப்பப் போறார்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் அழுதார். அப்புறம் உன்னை யார் அழாதேன்னு சொல்றது? தெசலோனிக்கருக்கு எழுதின பவுலடியாரும் அழவே கூடாதுன்னு எழுதலை. நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி அழாதீங்கன்னார். அழுறதுக்கும் நம்பிக்கைக்கும் பகை இல்லை, மக்களே. செத்தவங்க உயிர்த்தெழுவாங்கன்னு ஞாயிறுதோறும் அறிக்கையிடுறோமே, கண்ணுல தண்ணியோட அதைச் சொன்னா ஆண்டவருக்குக் காது கேட்காதா?

மணி ஆச்சு, கல்லறை மந்திரிக்கணும். திரும்பவும் அடுப்புக்கு வாறேன், நீங்க சிரிச்சாலும் சரி. சவேரியார் 1544-ல இந்தக் கரையில நடந்து ஞானஸ்நானம் கொடுத்தார். அன்னையிலேருந்து நமக்குப் பெரிய கோயில் உண்டு, கொடி உண்டு, தேர் உண்டு, திருவிழாவுக்கு வெடி உண்டு. துக்க வீட்டுல முப்பதாம் நாள் கழிஞ்ச மறுநாள் அடுப்பு எரியுதான்னு பார்க்க ஆள் உண்டா? முப்பது வரைக்கும் கூட்டம். முப்பத்தொண்ணாம் நாள் ஒரு பூனைகூட எட்டிப் பார்க்கிறதில்லை. சாவுல சொன்ன ஆறுதலைவிட, மூணு மாசம் கழிச்சுக் கொடுத்தனுப்புற மீன்குழம்புலதான் அந்த வீட்டுல விசுவாசம் தங்கும். இது என் தீர்மானமான அபிப்பிராயம்.

அதனால நம்ம அன்பியக் குழுக்களோட தலைவிமாரே, பூசை முடிஞ்சு ஓடிராதீங்க. இந்த வருஷம் இறப்பு நடந்த வீடுகள், ஆள் திரும்பாத வீடுகள், ரெண்டு பட்டியலும் என் கையில இருக்கு. கிழமைக்கு ஒரு அன்பியம்னு முறை போட்டுக்கோங்க. கஞ்சியோ குழம்போ கொண்டுபோங்க, கூட உட்கார்ந்து சாப்பிடுங்க. அவங்க பேசினா கேளுங்க. நீங்க விளக்கம் சொல்ல வேண்டாம். தூக்குவாளியைத் திரும்ப வாங்க மறந்துட்டு வந்தாலும் பரவாயில்லை, அதை வாங்குற சாக்குல மறுபடியும் போகலாம்.