பகைவன் படுக்கையருகே

துன்புற்றோர்க்கு உதவுவது அறம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின், போரில் காயமுற்ற வீரனுக்கு மருந்திட்டுத் தேற்றினால், அவன் எழுந்து மீண்டும் கொல்லப் போகக்கூடுமே. அக்கொலையில் தேற்றியவருக்கும் பங்குண்டா? உயிர்க்கொலைக்கு அஞ்சும் நாம் இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட இயலாது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அப்போது தலைநகர் வாஷிங்டனில் அரசுக் கட்டடங்களும் மருத்துவமனைகளாயின. காப்புரிமை அலுவலகத்தில், புதுப்பொறிகளின் மாதிரிகள் வைத்த கண்ணாடிப் பேழைகளுக்கிடையே காயமுற்றோர் படுத்திருந்தனர். அப்போரில் களத்தில் மாண்ட வீரரினும் நோயால் மாண்டவரே மிகுதி.

1862 டிசம்பரில், காயமுற்ற தம்பியைத் தேடி வந்த கவிஞர் வால்ட் விட்மன் அந்நகரிலேயே தங்கிவிட்டார். அலுவலகமொன்றில் நாளும் சில மணி நேரம் படியெடுக்கும் பணி செய்து பிழைத்துக்கொண்டு, எஞ்சிய பொழுதை நோயாளரிடம் கழித்தார். நண்பர்கள் அனுப்பிய பொருளைக் கொண்டு ஒருவருக்கு ஆரஞ்சுப் பழம், ஒருவருக்கு எழுதுதாள், எழுதவியலாதவருக்கு வீட்டுக்கொரு கடிதம் என, அவரவர் வேண்டியதைச் சிறு ஏட்டில் குறித்துவைத்து வழங்கினார். 600 முறைக்கு மேல் சென்றதாக அவரே கணக்கிட்டுள்ளார்.

விட்மன் வட மாநிலங்களின் பக்கம் நின்றவர். எனினும், காயமுற்றுக் கிடந்த தென் மாநில வீரரிடமும் அவ்வாறே சென்றார். நம் வினாவுக்கு விடை இங்கே தொடங்குகிறது. தன் பக்கத்தவனை மட்டும் தேற்றுவது படைக்கு ஆள் சேர்ப்பதாகலாம். பகைவனையும் தேற்றுவது அவ்வாறாகாது. அங்கே நோக்கப்படுவது வலியேயன்றிக் கொடியன்று. ‘இவன் நாளை கொல்வான்’ என்று தண்ணீர் மறுப்பவர் அவனைக் கருவியாகவே காண்கிறார். அவனைப் போருக்கு ஏவியோரும் அவ்வாறே கண்டனர்.

நலம் பெற்றவன் பின்னர் செய்வதற்குரிய பொறுப்பு அவனுடையது, அவனை ஏவியோருடையது. ஆயினும், தேற்றியதோடு நம் கடன் தீர்ந்தது என்றிருத்தலும் பொருந்தாது. பகை மூளும்போது வாய் திறவாதிருந்து, காயம்பட்ட பின் ஆறுதல் கூறுவது பாதி அறமே.

போர் இல்லாத ஊரிலும் மருத்துவமனை உண்டு. உறவினருக்குப் பழம் கொண்டு செல்வோர், பார்க்க வருவோரில்லாத அடுத்த படுக்கையையும் நோக்குவாராக. அவர் யார் என்று கேட்குமுன், என்ன வேண்டும் என்று கேட்பது நன்று.