கடைசி வீட்டுக் கேன்

கோடையில் சென்னைத் தெருக்களில் கேன் தண்ணீர் ஏற்றிக்கொண்டு கிளம்பும் குட்டியானை வண்டியின் ஓட்டுநருக்கு எந்தத் தெரு, எந்த வீடு என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் யார் எத்தனை கேன் கேட்பார்கள் என்பது கதவு திறந்த பிறகுதான் தெரியும். நேற்று ஒன்று வாங்கிய வீட்டில் இன்று விருந்தாளிகள், மூன்று வேண்டும். எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது.

வண்டிகளை எந்த வழியில் அனுப்புவது என்பதை 1959-இல் கணிதமாக எழுதினார்கள் ஜார்ஜ் டான்சிக்கும் ஜான் ராம்சரும். கிடங்கிலிருந்து பங்க்குகளுக்குப் போகும் பெட்ரோல் லாரிகள்தான் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம். பத்தே இடங்கள் என்றாலும் அவற்றை 36,28,800 வரிசைகளில் சுற்றி வரலாம். அவற்றில் குறுகியதைத் தேடுவதே பெரும்பாடு. அதிலும், ஒவ்வொரு பங்க்குக்கும் எவ்வளவு தேவை என்பது முன்பே தெரியும் என்று அவர்கள் வைத்துக்கொண்டார்கள். தேவையே நாளுக்கு நாள் மாறினால்?

சராசரித் தேவையைக் கூட்டி, அதற்குச் சரியாக வண்டியை நிரப்பினால், ஏறக்குறைய பாதி நாட்களில் சரக்கு பற்றாது. நடுவழியில் தீர்ந்துபோய், கடைக்குத் திரும்பி, மறுபடி வரவேண்டும். தாளில் குறுகியதாக இருந்த வழி தெருவில் நீண்டுவிடும். அதனால் பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்தத் திரும்பும் தூரத்தையும் சேர்த்தே கணக்குப் போட்டார்கள். சரக்கு மிச்சமிருக்கும்போதே, கிடங்கு பக்கத்தில் வரும் இடத்தில் திரும்பி நிரப்பிக்கொள்வது பல நேரம் லாபம் என்று கண்டார்கள். அனுபவப்பட்ட ஓட்டுநர் இதைச் சூத்திரம் இல்லாமலே செய்கிறார். கடைப் பக்கம் திரும்பும் முனையில் வேகத்தைக் குறைத்துப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். நிறைந்த கேன் நான்குதான். இனிப் போகவேண்டியதோ தூரத்து அடுக்ககம். வண்டியைக் கடைக்கே திருப்புகிறார்.

முன்னால் உள்ள வீடுகளில் கணக்குப் பிசகினாலும் அங்கே தண்ணீர் இறங்கிவிடும். அந்தப் பிசகெல்லாம் சேர்ந்து விழுவது வரிசையின் கோடியில் இருப்பவர் தலையில். மூன்றாம் மாடியில், காலிக் கேனை வாசலில் வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு காத்திருக்கும் பாட்டி எந்தத் தவறும் செய்யவில்லை. வரிசையில் கடைசியாக வந்தார், அவ்வளவுதான்.

குறைந்த தூரம், எதுவும் மிஞ்சாமல் திரும்பும் வண்டி. இவைதான் சிக்கனம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். ஆனால் கூடுதலாக ஏற்றிவைத்த இரண்டு கேன் வீண் அல்ல. நாளை நம் கையில் இல்லை என்பதை ஒப்புக்கொண்ட அறிவு அது. தண்ணீரானாலும் மருந்தானாலும் ரேஷன் அரிசியானாலும், நமக்குத் தெரியாததன் செலவைக் கடைசி ஆளின் தலையில் கட்டும் திட்டம் சிக்கனமே அல்ல. அது கடனை அடுத்தவர் பெயரில் எழுதுவது.