சந்தி விலகாத ராத்திரி

விளக்கு வைக்கும் நேரம் வரவே இல்லை. மணி பத்தரை. நார்வேயில் கெய்ராங்கர் ஃபியோர்டின் கரையில், கேம்பர் வேனுக்குள் அகலில் எண்ணெய் விட்டுத் திரி போட்டுக் காத்திருக்கிறேன். எதிர்மலைப் பனியில் வெளிச்சம் குறையவே இல்லை. “ஜூன் மாசம் இங்க இருட்டாதும்மா. ஏத்திடு” என்றான் மகன். வெளியே பாறைமேல் ஏற்றலாமென்றால், ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டோரம் தீ மூட்டத் தடையாம். கடைசியில் பாத்திரம் கழுவும் ஸ்டீல் தொட்டிக்குள் ஏற்றினேன். பெருமாள் கோபித்துக்கொள்ளவில்லை. தொட்டிச் சுவரெல்லாம் சுடர் பட்டு, ஒரு அகல் பத்து அகலாயிற்று.

காலையில் லோவாட்நெட் ஏரியைப் பார்த்ததிலிருந்தே மனசு என் வசத்தில் இல்லை. மயில்கழுத்து நிறத்தில் பாலைக் கலந்தாற்போல் தண்ணீர். மேலே யோஸ்தெடால்ஸ்பிரீன் பனியாறு மலையை அரைத்து மாவாக்கி அனுப்புகிறது. அந்தக் கல்மாவு நீரில் மிதந்து வெயிலைச் சிதறடிப்பதால் இந்த நிறம் என்றான் மகன். அதற்குமேல் அவன் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. தூணையே துரும்பாக்குகிறானே பெருமாள்! பிரகலாதக் குழந்தை சொன்ன இரண்டு இடமும் இங்கே ஒரே தண்ணீரில் கரைந்து கிடக்கிறது.

மத்தியானம் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி இறங்கியபோது “நரசிம்மா, நரசிம்மா” என்றது பக்தியால் அல்ல, பயத்தால். அதையும் அவன் கணக்கில் சேர்த்துக்கொண்டான் போலும்.

பதினொன்றேகாலுக்குச் சூரியன் மறையும் என்றார்கள். அது மலைக்குப் பின்னால் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. இருட்டு மட்டும் வரவில்லை. மீண்டும் உதிக்க நாலு மணியாகும். அதுவரை வானமெல்லாம் ஒரே அந்தி. நம்மூரில் கண்மூடித் திறப்பதற்குள் நழுவிவிடும் சந்திப்பொழுது, இங்கே ராத்திரி முழுக்க நின்றது.

வேனின் படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. பகலில்லை, இரவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் புல்லில், உள்ளுமில்லை, வெளியுமில்லை. எதிரே உப்புத் தண்ணீர். ஆனால் கடலைக் காணோம், மலையின் வயிற்றுக்குள் கிடக்கிறது. 1,400 மீட்டர் உயரத்துக்கு இருபுறமும் பிளந்து நிற்கும் பாறை. ஊர் நடுவே ஸ்டோர்ஃபோசன் அருவி கர்ஜிக்கிறது. உடம்பெல்லாம் சிலிர்த்தது. “எங்கே இருக்கிறான்?” என்று கேட்க இரணியன் வேண்டியிருக்கவில்லை. அப்பா, இவ்வளவு பெரிய தூணைப் பிளந்துகொண்டா வந்தாய், வாசற்படியில் குந்தியிருக்கும் இந்தக் கிழவிக்காகவா! அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று தெரியாது.

வந்தவரை வெறும் வாயோடு அனுப்பலாமா? குழாய்த் தண்ணீரில் வெல்லத்தைக் கரைத்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, அகலுக்கு முன்னால் வைத்தேன். சத்தம் கேட்டு மகன் எழுந்துவிட்டான்.

“இந்தக் குளிர்ல பானகமாம்மா?”

இரண்டு டம்ளர் குடித்தான்.